ஒரு மணி நேரம் வரவு

அந்த வார்டில் ஆறு நாற்காலிகள். திங்கள், புதன், வெள்ளி, பகல் பன்னிரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை ஆறு பேருடைய ரத்தம் குழாய் வழியாக வெளியே வந்து, மெஷினுக்குள் போய், அழுக்கு நீங்கி உடம்புக்குத் திரும்பும். சிறுநீரகம் கைவிட்டவர்களுக்கு வேறு கதி கிடையாது. அரசாங்க ஆஸ்பத்திரி, அதனால் காசும் கிடையாது. நாலு மணி நேரமும் ஒரு கையை அசைக்கக் கூடாது. தாராளமாக அசைக்க முடிவது வாய் ஒன்றைத்தான். அங்கே நடக்கிற அளவுக்கு அரசியல் பேச்சு பாராளுமன்றத்தில்கூட நடக்காது என்று சிஸ்டர் சொல்லுவாள்.

மூன்றாம் நாற்காலி ஜெராக்ஸ் அக்காவுடையது. கோர்ட்டுக்கு எதிரே கடை. ஐம்பத்தொரு வயது, புருஷன் இல்லை, வியாபாரத்தில் பாதியை மகள் பார்த்துக்கொள்கிறாள். வாய் மட்டும் முழுக்க அவளுடையது. நாலாம் நாற்காலி மீட்டர் சாருக்கு. முப்பத்திரண்டு வருஷம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் குறித்தவர். எந்த அறைக்குள் போனாலும் முதலில் எத்தனை விளக்கு எரிகிறது என்று பார்ப்பார். வார்டில் பட்டப்பகலில் எரிகிற குழல்விளக்கை அணைக்கச் சொல்லி சிஸ்டரோடு வாரம் மூன்று தடவை மல்லுக்கு நிற்பார்.

மற்ற நாலு பேரும் லாரி டிரைவர், கட்டட மேஸ்திரி, பொருளாதாரம் படிக்கிற காலேஜ் பொண்ணு, ஊசி குத்தியதும் கண்ணை மூடிவிடுகிற தூங்குமூஞ்சி அண்ணன். அவர் தூங்குகிறாரா, ஒட்டுக் கேட்கிறாரா என்பது கடவுளுக்கே வெளிச்சம்.

தேர்தல் நெருங்க நெருங்கப் பேச்சு சூடுபிடித்தது. ஆட்சியில் இருந்தது நாட்டின் கடனைக் குறைப்போம், செலவை வெட்டுவோம் என்ற கட்சி. எதிரே நின்றது கடன் வாங்கினாலும் பரவாயில்லை, ஜனங்களுக்குச் செய்வதை நிறுத்த மாட்டோம் என்ற கட்சி. டிரைவர் முதலாவதற்குக் கஞ்சக்கட்சி என்றும், அடுத்ததற்குக் கடன்கட்சி என்றும் பேர் வைத்தார். வார்டில் அதுவே நிலைத்துவிட்டது.

வாக்கெடுப்பும் நடக்கும். ரத்தக் குழாய்களின் முனையில் சின்னச் சின்ன பிளாஸ்டிக் மூடிகள் இருக்கும். ரத்தம் வெளியே வருகிற பக்கம் சிவப்பு, திரும்பிப் போகிற பக்கம் நீலம். குழாய் மாட்டியதும் அவை குப்பைக்குத்தான். அதை ஜெராக்ஸ் அக்கா எடுத்து வைக்கச் சொன்னாள். ஆளுக்கு ஒரு சிவப்பு, ஒரு நீலம். சிவப்பு கடன்கட்சிக்கு, நீலம் கஞ்சக்கட்சிக்கு. நாலு மணிக்கு சிஸ்டர் ஸ்டீல் தட்டு ஒன்றைத் துண்டால் மூடிக்கொண்டு வருவாள். துண்டுக்கடியில் கை விட்டு ஒரு மூடியைப் போட வேண்டும். ரகசிய வாக்கெடுப்பு. முடிவு மட்டும் ஊருக்கே தெரிந்த ரகசியம்: சிவப்பு ஐந்து, நீலம் ஒன்று.

அந்த ஒன்று மீட்டர் சார்.

"நாட்டோட மொத்தக் கடனைத் தலைக்கணக்குப் போட்டுப் பாருங்க," என்பார். "இன்னைக்குப் பொறக்குற குழந்தை கண்ணைத் தொறக்கும்போதே கடன்காரனாத்தான் தொறக்குது."

"என் கடை மெஷினே கடன்ல வாங்கினதுதான் சார்," என்பாள் ஜெராக்ஸ் அக்கா. "அந்தக் கடன் இல்லன்னா என் பொண்ணு படிச்சிருக்க மாட்டா. கடன்னாலே பாவமா?"

"நீங்க மெஷின் வாங்கினீங்கம்மா. இவங்க பழைய வட்டியைக் கட்டப் புதுக் கடன் வாங்குறாங்க."

"அந்தக் கடன்லதான் சார் நான் ஓட்டுற ரோடு போட்டாங்க," என்பார் டிரைவர்.

"போட்ட ரோட்டைப் பார்த்தாத் தெரியலையா, பாதிக் கடன் எங்க போச்சுன்னு?" என்பார் மேஸ்திரி. அவருக்கு இரண்டு கட்சி மேலும் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் சிவப்புதான் போடுவார்.

காலேஜ் பொண்ணு நிதானமாகச் சொல்லுவாள். "நாடு வீடு மாதிரி இல்ல அங்கிள். அதுக்கு ரிடையர்மென்ட் கிடையாது. கடனை உருட்டிக்கிட்டே போகலாம்."

"உருட்டுறவன் செத்துருவான்மா. கடன் சாகாது."

இப்படித்தான் ஒரு திங்கட்கிழமை. கடன்கட்சியின் தேர்தல் அறிக்கையை ஜெராக்ஸ் எடுத்து ஆளுக்கொன்று கொடுத்திருந்தாள் அக்கா. கஞ்சக்கட்சி மறுபடி வந்தால் இலவச சிகிச்சைகளை 'மறுபரிசீலனை' செய்வார்கள் என்று அதில் கொட்டை எழுத்தில் இருந்தது.

"சார், நாம உக்காந்திருக்கிற நாற்காலியே கடன்தான்," என்றாள். "நம்ம ரத்தம் ஓடுறதே கடன்ல. உங்க ஆளு ஜெயிச்சா முதல்ல இதைத்தான் பிடுங்குவான்."

"பிடுங்கட்டுமே. எனக்கு ஓடுற ரத்தத்துக்கான பில்லை என் பேத்தி தலையில கட்ட எனக்கு மனசு வரல."

நரம்பில்லாத நாக்கு, என்ன செய்ய. சொல்லிவிட்டாள்.

"அவ்வளவு கவலையா இருந்தா மூணு மணி நேரத்தோட எந்திரிச்சுப் போங்க சார். கரண்டு, தண்ணி, மருந்து எல்லாம் ஒரு மணி நேரம் மிச்சம். நாட்டுக்கு உங்க பங்கு."

எல்லாரும் சிரித்தார்கள். தூங்குமூஞ்சி அண்ணன்கூடக் கண்ணை மூடியபடியே சிரித்தார். மீட்டர் சாரும் சிரித்தார். சிரித்து முடித்ததும் கூரையில் எரிந்துகொண்டிருந்த விளக்கைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

புதன்கிழமை, சரியாக மூன்று மணிக்கு, சிஸ்டரைக் கூப்பிட்டுக் குழாயைக் கழட்டச் சொன்னார். சிஸ்டர் திட்டினாள். டாக்டர் வந்து எடுத்துச் சொன்னார். மீட்டர் சார் அசையவில்லை. சொந்த விருப்பத்தில் போகிறேன் என்று நோட்டில் கையெழுத்துப் போட்டார். காலைத் தரையில் வைத்துச் செருப்பைத் தேடினார். முதலில் இடது, அப்புறம் வலது. இடது செருப்பு அவருக்குக் கொஞ்சம் பெரிசு, தேய்த்துக்கொண்டுதான் நடப்பார். அக்காவின் நாற்காலியைத் தாண்டும்போது குனிந்து சொன்னார்.

"ஒரு மணி நேரம் வரவு, ஜெராக்ஸம்மா."

அவளும் விளையாட்டென்றே நினைத்தாள். முதல் நாள் அப்படி நினைத்ததில் தப்பில்லை. இரண்டாம் நாளும் போகட்டும். ஆனால் பதினோரு தடவை அவர் மூன்று மணிக்கு எழுந்து போனார். நாலாவது வாரம் அவருடைய கணுக்கால் வீங்கியிருந்ததை அவள் கண்ணால் பார்த்தாள். அந்த நோய்க்காரர்களுக்குக் கணுக்கால் வீக்கம் என்றால் உடம்பில் நீர் கோத்திருக்கிறது என்று யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. 'சார், போதும், நான் சும்மா சொன்னேன், உக்காருங்க' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் தோற்றுப்போன மாதிரி ஆகிவிடுமே என்று விழுங்கிவிட்டாள். அதற்குப் பதிலாக என்ன கேட்டாள் தெரியுமா?

"இன்னைக்கோட மொத்தம் எவ்வளவு மிச்சம் சார்?"

"பதினொண்ணு," என்றார் மூச்சிரைக்க. அது வெள்ளிக்கிழமை. திங்களன்று அவர் வரவில்லை. சனி, ஞாயிறு இரண்டு நாள் இடைவெளியை அந்த உடம்பு தாங்கவில்லை.

அதற்கப்புறம்தான் அவர் எங்கே பார்த்தாலும் தெரிய ஆரம்பித்தார்.

தன் அப்பாவுக்கு ஆஸ்பத்திரியில் நேரத்தைக் குறைத்துவிட்டார்கள் என்று மீட்டர் சாரின் மகன் கடன்கட்சி ஆட்களிடம் சொல்லியிருக்கிறான். வீட்டில் அவர் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தாராம். கட்சி விடுமா? 'செலவைக் குறைத்தார்கள், உயிரைப் பறித்தார்கள்' என்று அவருடைய முகத்தைப் போட்டு ஊர் முழுக்கப் போஸ்டர். அக்காவின் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி வரை முப்பத்தொரு போஸ்டர். எண்ணக் கூடாது என்று நினைத்தபடியே எண்ணிக்கொண்டு போவாள். வாழ்நாள் முழுக்க நீல மூடி போட்ட மனுஷன், செத்தபிறகு சிவப்புக்கு ஓட்டுக் கேட்டுக்கொண்டு சுவர் சுவராக நின்றார்.

கொடுமை அதோடு விடவில்லை. துண்டு நோட்டீஸ் மூவாயிரம் அடிக்க அவள் கடைக்கே வந்தார்கள். மகள் ஆர்டரை வாங்கிவிட்டாள். தாளில் இருந்த படம் அக்காவே எடுத்துக் கொடுத்தது. ஆஸ்பத்திரி அட்டைக்காக அவளுடைய கடையில், நீலத் திரைக்கு முன்னால் உட்கார வைத்து எடுத்த பாஸ்போர்ட் படம். "சிரிக்கலாமா?" என்று அன்றைக்குக் கேட்டிருந்தார். மெஷின் ஓட ஓட அந்த முகம் ஒவ்வொன்றாக அவள் கையில் வந்து விழுந்தது. ஒவ்வொரு தாளும் வெதுவெதுப்பாக இருந்தது, உயிருள்ள ஆளின் கன்னம் மாதிரி. இரண்டாயிரத்தைத் தாண்டியதும் மை குறைந்து முகம் வெளிற ஆரம்பித்தது. கடைசியில் மூக்கு போயிற்று, வாய் போயிற்று, கண் இரண்டு மட்டும் நின்றன. அவள் மெஷினை அணைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"என்னம்மா, மயக்கமா?" என்று மகள் ஓடி வந்தாள்.

"ஒண்ணுமில்ல. மை தீர்ந்துபோச்சு."

வார்டிலும் நிம்மதி இல்லை. நாலாம் மெஷினை சிஸ்டர் தினமும் ஓட்டிப் பார்த்து வைப்பாள், அது காலி நாற்காலிக்குப் பக்கத்தில் முனகிக்கொண்டே இருக்கும். மூன்று மணி அடிக்கும். அக்காவின் இடது காதுக்குப் பக்கத்தில் செருப்புத் தேய்கிற சத்தம் கேட்கும். முதலில் இடது, அப்புறம் வலது. வேறு யாருக்காவது கேட்கிறதா என்று முகம் முகமாகப் பார்ப்பாள். எல்லாரும் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரு கை இரண்டு ஊசியோடு கட்டிப்போட்டபடி கிடக்கிறது, எழுந்து ஓடவும் வழியில்லை.

வாக்கெடுப்பை மட்டும் யாரும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவர் இல்லை என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். இப்போது ஐந்து பேர், சிவப்பு ஐந்து. தட்டு சப்பென்று இருந்தது.

தேர்தலுக்கு முந்தின வெள்ளிக்கிழமை வந்தது. பதினொன்றரைக்கு, எடை பார்க்கிற மெஷின் இருக்கிற கூடத்தில் ஐந்து பேரும் வரிசையில் நின்றார்கள். மீட்டர் சாரின் மனைவி உள்ளே வந்தாள். கூடவே கையில் இரண்டு போன் வைத்திருந்த ஒரு கட்சிக்காரத் தம்பி.

"அண்ணாச்சி பக்கத்து நாற்காலி யாருங்க?" என்றான். "ஒரே ஒரு நிமிஷம் பேசினாப் போதும். மூணு மணி நேரத்துல கழட்டி விட்டாங்கன்னு கண்ணால பார்த்தவங்க சொன்னா வெயிட்டா இருக்கும். சாயங்காலமே பிரசார வண்டியில போட்டுருவோம்."

ராத்திரி பகலாக ஒத்திகை பார்த்து வைத்திருந்த ஒரு வார்த்தை ஜெராக்ஸ் அக்காவிடம் இருந்தது. அதைச் சொல்லாவிட்டால் அந்தச் செருப்புச் சத்தம் சாகிற வரை விடாது என்று அவளுக்குத் தெரியும். மனைவியின் கையைப் பிடித்து ஜன்னல் ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனாள்.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அவரை யாரும் கழட்டி விடல. அவராத்தான் எந்திரிச்சுப் போனாரு. நோட்டுல கையெழுத்து இருக்கு."

மனைவி அவளையே பார்த்தாள். "தெரியும்."

"தெரியுமா?"

"வீட்டுக் காலண்டர்ல குறிச்சு வச்சிருக்காரு. வரவு ஒண்ணு, வரவு ஒண்ணுன்னு. மீட்டர் குறிக்கிற மாதிரியே. நான் சண்டை போட்டேன். வார்டுல யாரோ விளையாட்டாச் சொன்னாங்க, எனக்கு அது நியாயமாப் பட்டுச்சுன்னு சொன்னாரு. பையன்கிட்ட மட்டும் ஆஸ்பத்திரியில குறைச்சுட்டாங்கன்னு சொல்லச் சொன்னாரு."

"அந்த யாரோ நான்தான் அக்கா."

அந்தப் பொம்பிளை கையை மெல்ல உருவிக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். எதிர்ச் சுவரில் அவளுடைய புருஷன் நாலு பேராக வரிசையில் ஒட்டியிருந்தார்.

"நான் செஞ்சது பாவம். கேமராவுலயே உண்மையைச் சொல்லிடுறேன்," என்றாள் ஜெராக்ஸ் அக்கா.

"சொல்லிட்டு?" என்றாள் மனைவி. குரல் உயரவே இல்லை. "அவரா எந்திரிச்சுப் போனாருன்னா, எங்களை வேண்டாம்னு போனாருன்னு ஆயிடும். என் பையன் அதை வச்சுக்கிட்டு எப்படி இருப்பான்? கவர்மெண்டு கொன்னுச்சுன்னா அவனுக்குக் கோவப்பட ஒரு இடம் இருக்கும். எனக்கும் இருக்கும்."

"அவரு அந்தக் கட்சிக்கு ஓட்டே போட்டதில்லையே அக்கா. அவரை வச்சே..."

"தெரியும்னு சொல்றேன்ல." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அன்னைக்கு அதைச் சொன்னது நீங்கதான்னா, கவர்மெண்டு கழட்டி விட்டுச்சுன்னு இதையும் நீங்கதான் சொல்லணும். வேற யாரு சொன்னாலும் எனக்கு ஆகாது."

இதைவிட அவள் ஓங்கி அறைந்திருக்கலாம்.

தம்பி போனைத் தூக்கிப் பிடித்தான். எடை மெஷினுக்குப் பக்கத்தில் டிரைவர், மேஸ்திரி, காலேஜ் பொண்ணு, தூங்குமூஞ்சி அண்ணன், நாலு பேரும் நின்றார்கள். நாலு பேருக்கும் உண்மை தெரியும். சிஸ்டர் கதவருகே நோட்டோடு நின்றாள், அவளுக்கும் தெரியும். ஜெராக்ஸ் அக்கா ஒரு தடவை அவர்களைப் பார்த்தாள். யாராவது ஒருத்தர் 'பொய்' என்று சொல்லிவிட மாட்டார்களா என்றுதான் பார்த்தாள். டிரைவர் தரையைப் பார்த்தார். காலேஜ் பொண்ணு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"நான் பக்கத்து நாற்காலி," என்று ஆரம்பித்தாள். "நாலு மணி நேரம் ஓடணும். அவருக்கு மூணு மணி நேரத்துலயே கழட்டி விட்டுட்டாங்க. செலவைக் குறைக்கணுமாம். பதினோரு தடவை. நான் என் கண்ணால பார்த்தேன்."

குரல் உடைந்தது. தம்பி கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். அழுகை நன்றாக வந்திருந்ததாம்.

பன்னிரண்டு மணிக்கு ஊசி குத்தினார்கள். அன்று யாரும் பேசவில்லை. ஐந்து மெஷினும் ஓடின. ஆறாவதாக நாலாம் மெஷின் முனகியது. அக்கா கடிகாரத்தைப் பார்த்தபடியே இருந்தாள். இரண்டரை. இரண்டே முக்கால். மூன்று.

செருப்புச் சத்தம் வரவில்லை.

வாராவாரம் எதை நினைத்து நடுங்கினாளோ, அது வராமல் போனது அதைவிட மோசமாக இருந்தது. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்று நினைத்தாள். 'சார்' என்று வாய்க்குள் கூப்பிட்டும் பார்த்தாள்.

நாலு மணிக்கு சிஸ்டர் தட்டோடு வந்தாள். தேர்தலுக்கு முந்தின கடைசி வாக்கெடுப்பு. அக்காவின் மடியில் ஒரு சிவப்பும் ஒரு நீலமும் கிடந்தன. அவருடைய பேரைத் திருடிக் கொடுத்தாயிற்று, அவருக்கென்று இருந்த ஒரே ஓட்டையாவது இந்தத் தட்டில் திருப்பிப் போடுவோம் என்று நினைத்தாள். யாருக்கும் தெரியாமல் நீலத்தை எடுத்துத் துண்டுக்கடியில் போட்டாள். ஒன்றே ஒன்று. பழையபடி ஒரு நீலம் இருக்கட்டும்.

சிஸ்டர் ஐந்து நாற்காலியையும் சுற்றி வந்தாள். வழக்கம்போல ஜன்னல் பக்கம் போய்த் துண்டை எடுத்தாள். எண்ணவில்லை. தட்டைக் கொஞ்சம் சாய்த்து எல்லாருக்கும் காட்டினாள்.

ஐந்தும் நீலம்.

ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை. தூங்குமூஞ்சி அண்ணன் கண்ணைத் திறந்திருந்தார், ஓரத்தில் ஈரம். ஆளாளுக்கு, தான் மட்டும்தான் என்று நினைத்துப் போட்டிருக்கிறார்கள்.

"சார் ஒருநாள்கூட ஜெயிச்சதில்ல," என்றாள் சிஸ்டர். மூடிகளைக் குப்பை வாளியில் கொட்டிவிட்டு, நாலாம் மெஷினை அணைத்தாள். திங்கட்கிழமை அந்த நாற்காலிக்குப் புது ஆள் வருகிறாராம்.

அக்கா வெளியே வரும்போதே தெருவில் பிரசார வண்டி போய்க்கொண்டிருந்தது. ஒலிபெருக்கியில் அவளுடைய குரல். ஒரு சந்து தள்ளியும் கேட்டது, வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தியபிறகும் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜெராக்ஸ் அக்கா ஓட்டுச்சாவடி வரிசையில் நின்றாள். பள்ளிக்கூட வகுப்பறை. விரலில் மை வைத்தார்கள். அட்டை மறைப்புக்குப் பின்னால் போனாள். பட்டியலில் இரண்டு சின்னமும் ஒன்றின் கீழ் ஒன்றாக இருந்தன. தட்டில் நீலம் போடுவது ஈசி. அதற்குப் பில் வராது. இங்கே போட்டால் வரும்.

விரலை நீட்டினாள். அப்போது பின்னால், வகுப்பறையின் சிமெண்டுத் தரையில், செருப்புத் தேய்கிற சத்தம். முதலில் இடது. அப்புறம் வலது. அவளுக்குப் பின்னால் வந்து நின்றது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"மன்னிச்சிருங்க சார்," என்றாள், உதடு மட்டும் அசைய. "திங்கக்கிழமை பன்னிரண்டு மணிக்கு எனக்கு நாற்காலி வேணும்."

கடன்கட்சிப் பொத்தானை அழுத்தினாள்.